சறுக்கு மரத்தடி மணல்

பள்ளிக்குப் போகும் வழியில், பூங்கா வாசலில் ஒட்டியிருந்த தாளைச் சுண்டெலி மூன்று முறை படித்தாள். ஆள் சிறியவள் என்பதால் தெருவே வைத்த பெயர் அது. வாய் மட்டும் அவளைவிடப் பெரியது.

'சறுக்கு மரத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. எனவே அது அகற்றப்பட்டு, அங்கே வண்டிகள் நிறுத்த இடம் அமைக்கப்படும்.'

யாரும் பயன்படுத்துவதில்லையா? நேற்று மாலைகூடத் தன் முறைக்காகக் கால் மணி நேரம் வரிசையில் நின்றாளே.

உள்ளே ஓடினாள். சறுக்கு மரத்தடி மணலைத் தோட்டக்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையைப் போல மணலில் ஒரு சுருக்கம் இல்லை.

"மாமா, இது என்ன அநியாயம்?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் பாப்பா. நகராட்சி அதிகாரி தினமும் பத்து மணிக்கு வந்து பாக்குறாரு. மணல்ல ஒரு கால் தடம்கூட இல்லைங்கிறாரு."

"பத்து மணிக்கு நாங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல இருப்போமே. சரி, நீங்க தினமும் எப்ப பெருக்குவீங்க?"

"ஒம்பது மணிக்கு. அதிகாரி வர்றப்ப பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

சுண்டெலி அவரையே பார்த்தாள். பிறகு துடைப்பத்தைப் பார்த்தாள். தோட்டக்காரரும் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"அடக் கடவுளே. என் கையாலயே கெடுத்துட்டேனா?"

"நீங்க நல்லா வேலை செஞ்சீங்க மாமா, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு நாள் மட்டும் பெருக்காதீங்க."

"பெருக்காமலா? என் கை சும்மா இருக்காதே."

"அப்போ துடைப்பத்தை எங்கிட்ட குடுங்க."

அன்று அவளைவிட உயரமான துடைப்பமும் அவளோடு பள்ளிக்கூடம் போனது. வாத்தியார் கேட்டதற்கு, "இது ஒரு நாள் விருந்தாளி சார்" என்றாள்.

மறுநாள் விடுமுறை. பத்து மணிக்குப் பூட்ஸ் காலோடு வந்த அதிகாரி மணலைப் பார்த்து அப்படியே நின்றார். சின்னதும் பெரிதுமாக எங்கு பார்த்தாலும் கால் தடங்கள்.

"இதெல்லாம் நேத்து சாயங்காலம் பதிஞ்சது சார்" என்றாள் சுண்டெலி. "தினமும் பதியும். காலையில மாமா பெருக்கிடுவாரு."

"நீயே காலையில ஆள் கூட்டி மிதிக்க விட்டிருந்தா?"

நல்ல கேள்விதான். ஆனால் அவள் அசரவில்லை. துடைப்பத்தைத் தோட்டக்காரரிடம் நீட்டினாள்.

"பெருக்குங்க மாமா. சார், இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்களே வந்து பாருங்க."

ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார். சறுக்கு மரத்தில் தொடங்கிய வரிசை, வாசல்வரை நீண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தவரை ஒரு குட்டிப் பையன் தடுத்தான்.

"அங்கிள், கடைசியில போய் நில்லுங்க."

அதிகாரி கடைசியில் போய் நின்றார். போகும்போதே வாசலில் இருந்த தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பூங்கா அதிரும்படி கைதட்டல் எழுந்தது. சுண்டெலியைத் தோட்டக்காரர் தோளில் தூக்கிக்கொண்டார். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. தெருவுக்கு அது புதிய செய்தி.

மறுநாள் காலை தோட்டக்காரர் பூங்கா முழுவதையும் பெருக்கினார். சறுக்கு மரத்தடியில் ஒரே ஒரு இடத்தை மட்டும் தொடாமல் விட்டார்.

அங்கே சின்னச் சின்னக் கால் தடங்களுக்கு நடுவே, பெரிய பூட்ஸ் தடம் இரண்டு ஆழமாகப் பதிந்திருந்தது.