ஒரு ஸ்தாயி கீழே

கரியாலூர் பேருந்து மலைப்பாதையில் நின்று அரை மணி நேரம் ஆகிவிட்டது. முன்னால் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. ஜன்னலில் மழை கோடு கோடாக வழிந்தது...

ஜெயசுதா மெல்லப் பாடிப் பார்த்தாள். மலைப் பள்ளியில் ஆசிரியை அவள். நாளை ஆண்டு விழாவில் பிள்ளைகளோடு பாட வேண்டும். சரணத்தின் உச்சியில் குரல் மறுபடி உடைந்தது.

"அந்த எடத்துல ஒரு ஸ்தாயி கீழ பாடுங்க."

திரும்பினாள். மடியில் கீபோர்டு பையோடு ஓர் இளைஞன். பெரிய, கள்ளமில்லாத கண்கள்.

"இன்னா சொன்னீங்க?"

"பசங்க மேல பாடட்டும். அதே சுரத்த நீங்க கீழ பாடுங்க. உங்களுது கனமான குரலுங்க."

கனமான குரல்... முகம் சுட்டது. போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள், 'பொண்ணு பேசினா ஆம்பள பேசற மாதிரி கீது' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தொண்டையை இறுக்கிக் குரலை மெல்லிசாக்கித்தான் பேசுகிறாள்.

"நான் உங்களக் கேக்கலையே" என்று எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் அதே கண்கள்! விழாவுக்கு வாசிக்க வந்தவனாம். இளஞ்செழியன், கள்ளக்குறிச்சி. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒத்திகையில் சரணம் வந்தது. குரல் கீச்சிட்டு உடைந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதே வரியைக் கீழ் ஸ்தாயியில் ஒற்றை விரலால் வாசித்தான். மறுபடியும் வாசித்தான்... காத்திருந்தான்.

வீம்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கண்ணை மூடி, இறுக்கிய தொண்டையைத் தளர்த்திப் பாடினாள். பிள்ளைகளின் குரல் மேலே பறக்க, அதே சுரங்கள் கீழே அவளிடம் நிறைந்து ஒலித்தன. நடுவில் அவன் வேறொரு சுரத்தில் சேர்ந்துகொண்டான்... மெல்லிய, உயர்ந்த குரல். மூன்றும் ஒன்றாகக் கலந்தபோது அவளுக்குச் சிலிர்த்தது. இது என் குரலா?

விழா முடிந்து, பையை மூடிக்கொண்டிருந்தவனிடம் போனாள்.

"பஸ்ல கோவப்பட்டது உங்க மேல இல்லீங்க" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னைய பொம்பள குரலுன்னு சிரிப்பாங்க. எனக்கு மேலதான் வரும்" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி, "நேத்து நீங்க முன்னால போய்ட்டீங்க. நான் எறங்கற வரைக்கும் உங்கள பத்தியே நெனச்சிக்கினு வந்தேன். எனக்கு உங்கள புடிச்சிருக்குங்க... குரலு மட்டும் இல்ல."

மழை ஓய்ந்து தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க வூடு வடக்கனந்தல்ல. அப்பா பேரு தனசேகரன்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "அப்பாகிட்ட வந்து இன்னான்னு சொல்றது?"

"உங்க பொண்ணுக்கும் என்னைய புடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

குரலை இறுக்காமல், தன் குரலிலேயே சொன்னாள்.