மூன்றாவது கடிதம்

பட்டாணிக்குப் பத்து வயது. உருண்டையாக இருப்பாள், ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். அதனால் வீட்டில் அவள் பட்டாணி.

அவளுடைய அக்கா கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். மண்ணுக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்காகக் கடல் தாண்டி இருக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

அது ஒரு தாளோடு முடிகிற விண்ணப்பம் இல்லை. மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், மொழித் தேர்வு முடிவு, 'ஏன் இங்கே படிக்க விரும்புகிறீர்கள்' என்று இரண்டு பக்கக் கட்டுரை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி.

ஒன்றைத் தவிர. ஆசிரியர்கள் மூன்று பேர் அக்காவைப் பற்றிக் கடிதம் எழுதி, அவர்களே நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு போய்விட்டன. மூன்றாவது போகவில்லை. நாளை மத்தியானத்தோடு கெடு முடிகிறது.

"யாருக்கா அந்த மூணாவது ஆளு?" என்று கேட்டாள் பட்டாணி.

"எங்க மண் மேடம். மண்ணைப் பத்திப் பாடம் எடுக்கறவங்க."

"நீ கேட்டியா?"

"ரெண்டு மாசம் முன்னாடி கேட்டேன், சரின்னாங்க. அப்புறம் இதோ, இந்த 'நினைவூட்டு' பட்டனை மூணு தடவை அழுத்தினேன். அழுத்தினா பல்கலைக்கழகத்துலேர்ந்து அவங்களுக்கு மெயில் போகும்."

"பட்டன் கிடக்கட்டும். மேடத்தைக் கேட்டியா?"

அக்கா நகத்தைக் கடித்தாள். "அவங்களுக்கு என் மேல கோபம்டி. போன மாசம் பலகையில அவங்க போட்ட கணக்கு தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"என் மூஞ்சி சும்மாதானே இருக்கு?" என்றாள் பட்டாணி.

அன்று பள்ளி விடுமுறை. அரை மணி நேரத்தில் இருவரும் கல்லூரியில் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தின் கதவைப் பார்த்ததும் அக்காவுக்குத் தாகம் எடுத்துவிட்டது. "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று நழுவினாள்.

பட்டாணி கதவைத் தட்டினாள். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா சல்லடையில் மண் சலித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ?"

"வணக்கம் மண் மேடம்!" சொன்ன பிறகுதான் பட்டாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சல்லடை நின்றது. "ஓ, அப்படித்தான் கூப்பிடறாங்களா? நல்ல பேருதான். சொல்லு."

பட்டாணி அக்கா யாரென்று சொன்னாள். "கடிதம் தரேன்னீங்களாமே மேடம். அவ மேல கோபமா?"

"கோபமா? அவ வேற யாரையோ பிடிச்சுட்டான்னுல்ல நெனச்சேன்! எழுதி வச்சு மூணு வாரமாச்சு. எங்கே அனுப்பணும்னு ஒரு தகவலும் வரல."

"மூணு மெயில் வந்திருக்கணுமே?"

"எனக்கு வரதெல்லாம் ஏமாத்து மெயில்மா. வெளிநாட்டுலேர்ந்து 'அவசரம், இங்கே அழுத்துங்கள்'னு வரும். அழுத்தினா நம்ம கதை முடிஞ்சுது. நான் ஏமாறுவேனா? படிக்காமலே குப்பையில தள்ளிடுவேன்." மேடம் பெருமையாகச் சொன்னார்.

பட்டாணி மேஜையில் இருந்த கணினியை எட்டிப் பார்த்தாள். "அந்தக் குப்பையைக் கொஞ்சம் கிளறிப் பாக்கலாமா மேடம்?"

கிளறினார்கள். 'நீங்கள் கார் வென்றுவிட்டீர்கள்' என்ற மெயிலுக்கும் 'பத்தே நாளில் முடி வளரும்' என்ற மெயிலுக்கும் நடுவே அக்காவின் பெயர் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று!

மேடத்தின் விரல் அவசரமாக அழுத்தப் போனது.

"இருங்க மேடம்! இதுவும் ஏமாத்தா இருந்தா?"

பட்டாணி ஓடிப்போய், குழாயடியில் நின்ற அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அக்காவின் போனில் இருந்த பல்கலைக்கழக மெயில் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். மேடம் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள். "மேடம், அன்னிக்கு அந்தக் கணக்கு..."

"தப்புதான். நாப்பது பேர் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நீ ஒருத்திதான் கேட்ட. கடிதத்துல அதைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்."

மேடம் கடிதத்தை ஏற்றினார். அக்காவின் போனில் கடைசி சரிக்குறியும் பச்சையானது. அக்கா அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாணிதான் இருவருக்கும் சேர்த்து நன்றி சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டார். அப்பா அந்த மெயிலை நான்கு முறை படித்தார்.

"மண் மேடத்துக்கு ஒரு மெயில் போடுக்கா" என்றாள் பட்டாணி.

"மெயிலா!" என்றாள் அக்கா.

பட்டாணி செருப்பை மாட்டுவதற்குள் அக்கா கல்லூரியை நோக்கித் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.