எட்டடி அகலம்

காலை 10.20. கன்டெய்னர் லாரியின் வாசலில் லோடுமேன் கால் நசுங்கிக் கிடந்தார். இடித்த, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டியவர் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் அண்ணன்.

11.05. இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது ஓட்டுநர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். தேநீர் இடைவேளை முடிந்து எடுத்த முதல் பெட்டி அது, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்பதற்கு மேல் பேச்சு எழவில்லை. இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று தங்கை போனில் சொல்லிவிட்டாளாம். ஜெயிலைவிட அதுதான் அவரை அரித்தது.

சூப்பர்வைசருக்கோ நாக்கு நன்றாகவே வேலை செய்தது. அவருடைய அறை ஜன்னல் அந்த வாசலை ஒட்டியது. நாளெல்லாம் இந்த இரைச்சலில் போன்கூடப் பேச முடிவதில்லை என்று அலுத்துக்கொண்டே சாட்சி சொன்னார்.

"லாரிக்குள்ளேருந்து பெட்டியை முன்னால தூக்கிக்கிட்டு நேரா வந்தான் மேடம். பெட்டி ஆள் உயரம். மறைச்சிடுச்சு."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

யார் எதைச் சொன்னாலும் அதை ஒருமுறை நடந்து பார்க்காமல் விடமாட்டார் இந்த அம்மா. அந்தக் குணத்துக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஃபோர்க்லிஃப்ட்டை ரிவர்ஸில் போடச் சொன்னார். பீப், பீப் என்று எச்சரிக்கை ஒலி காதைக் கிழித்தது. பின்பக்கம் குனிந்தார். அந்த ஒலிக்கான பிசுக்கேறிய ஒயரில் ஓரிடத்தில் மட்டும் புத்தம்புது டேப். பிறகு கன்டெய்னருக்குள் போய்க் கைகளை விரித்து நின்றார்.

11.40.

"உள்ளே அகலம் எட்டடி. வண்டியும் பெட்டியும் சேர்ந்தா பன்னிரண்டடி நீளம். எப்படிங்க திரும்பும்? உள்ளே போன வண்டி ரிவர்ஸ்லதான் வெளியே வரும். நீங்க எதையும் பாக்கலை."

இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்து ஒயரில் இருந்த புது டேப்பைத் தொட்டுக் காட்டினார்.

"ரிவர்ஸ்னு சொன்னா பீப் கேட்டுச்சான்னு கேப்பாங்க. அந்தப் பயத்துலதான் முன்னால வந்துச்சுன்னு சொன்னீங்க. சத்தம் தாங்காம இடைவேளையில ஒயரை வெட்டினது நீங்க. சத்தம் வரலை, வண்டி வராதுன்னு நம்பி அந்த மனுஷன் குறுக்கே நடந்தாரு. எல்லாரும் ஆம்புலன்ஸ் பக்கம் ஓடினப்ப ஒட்டவச்சதும் நீங்கதான்."

உடன் வந்திருந்த ஏட்டு, சூப்பர்வைசரின் மேஜையிலிருந்து எடுத்த டேப் சுருளை முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு மனிதர் மறுக்கவில்லை.

ஓட்டுநர் தன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் சொன்னால் தங்கை நம்பமாட்டாள், மேடமே சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மா அப்போதே ஆஸ்பத்திரியில் கணவரோடு இருந்த தங்கைக்குப் போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லி, போனை அவரிடம் நீட்டினார்.

"அண்ணா," என்றது மறுமுனை. "கண்ணு முழிச்சதும் அவரு உன்னைத்தான் கேட்டாரு. நான்தான் உன்கிட்ட சொல்லலை. வா."