கூலிங் கிளாஸ் போட்ட சேவல்

"ஐயோ... செத்துட்டாரு!"

சாம்பிள் ரூமிலிருந்து கிளம்பிய அலறலில், அந்தத் தளத்தின் தையல் மெஷின்கள் அத்தனையும் சட்டென்று நின்றன.

அலறியவள் கீதாஞ்சலி.

கோவையில் எம்.பி.ஏ. படிக்கிறவள். கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்காகத் திருப்பூரின் பெரிய பனியன் ஏற்றுமதிக் கம்பெனியான மயூரவேல் நிட்வேருக்கு வந்திருந்தாள். சர்வதேச வர்த்தகம் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு இதுவரை கற்றுக்கொடுத்தது, பனியனில் தொங்கும் பிசிறு நூலை வெட்டுவதும், எந்த மேனேஜருக்கு டீயில் சர்க்கரை ஆகாது என்பதும்தான்.

இன்று புதுப் பாடம்.

தரையில் ஒரு பிணம்!

மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் டிசைன் ஹெட் நித்தீஷ். காதில் கடுக்கன். கையில் செல்போன். நெஞ்சில்... சிவப்பு!

"ரத்தமுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

கீதாஞ்சலி குனிந்தாள். தொட்டாள். முகர்ந்தாள்.

"பிரிண்டிங் சாயமுங்க..."

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"தண்ணி..." என்றது.

மயக்கம்தான்! தண்ணீர் வந்தது. ஆனால் நித்தீஷ் குடிக்கவில்லை. செல்போனைக் கீதாஞ்சலியிடம் நீட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

திரையில் ஒரு போட்டோ.

பல்லடம் போகும் தனியார் பஸ்ஸின் படிக்கட்டு. அதில் தொற்றிக்கொண்டு விசில் ஊதும் கண்டக்டர். அவருடைய டீஷர்ட்டில்... கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டும் ஒரு சேவல்!



அந்தச் சேவல் கம்பெனியின் பரம ரகசியம்! வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்பனைக்கு வரவேண்டிய டிசைன். அதற்காகவே சாம்பிள் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. அது எப்படி பல்லடம் ரோட்டில் விசில் ஊதுகிறது?

"எவனுங்க அவன்?"

கதவை உதைத்துக்கொண்டு வந்தார் எம்.டி. அருள்குமார். நெற்றி நிறைய விபூதி. கொங்குநாட்டில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' உண்டு.

"இந்தப் போட்டோவை அனுப்பினதே நம்மகிட்டத் துணி வாங்கற வெளிநாட்டு பையரோட ஏஜென்ட்டுங்க! ரோட்டுல போறப்பப் பார்த்திருக்காரு. திருடன் யாருன்னு நாளைக்குள்ள சொல்லோணுமாம். இல்லீன்னா ஆர்டர் கேன்சல்! இத்தனை பேரு சோறு திங்கோணுங்க!"



எம்.டி.யின் பார்வை மெல்லச் சுழன்றது. கீதாஞ்சலியின் மேல் வந்து நின்றது.

"நீங்க எந்த ஊருங்க கண்ணு?"

"பல்லடமுங்க சார்."

"எந்த பஸ்ஸுல வர்றீங்க?"

கீதாஞ்சலி போட்டோவை மறுபடியும் பார்த்தாள். 

"இதே... பஸ்ஸுலதானுங்க..."

"பார்த்தீங்களா!" எம்.டி. கையைத் தட்டினார். "சாம்பிள் ரூமுக்குப் புதுசா வந்தது இந்தப் பொண்ணு ஒருத்திதான்! போலீசுக்குக் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டனுங்க. காலேஜுக்கும் சொல்லீருவேன்!"

"சார், நான் எடுக்கலீங்க! சத்தியமா எடுக்கலீங்க!"

"அதைப் போலீசுல சொல்லுங்க."

கீதாஞ்சலி உதவிக்கு நித்தீஷைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. விசைத்தறிச் சத்தத்தையும் மீறி, 'எம்புள்ள எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்கறா' என்று தெரு முழுக்கக் கத்திச் சொன்னவர். அதே தெருவில் போலீஸ் ஜீப் வந்து நின்றால்...?

"போலீஸ் வர்ற வரைக்கும் எங்கீம் போகக்கூடாது, ஆமா!" என்ற எம்.டி., பழக்கதோஷத்தில் சேர்த்துச் சொன்னார். "அதுக்குள்ள எனக்கு ஒரு டீ. சர்க்கரை இல்லாம!"

கீதாஞ்சலி பிளாஸ்க்கை எடுத்தாள்.

நடந்தாள்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிளாஸ்க்கைப் பார்த்தார். திறந்துவிட்டார். கையில் பிளாஸ்க் இருந்தால் இன்டர்ன் எந்தச் சிறையிலிருந்தும் தப்பிக்கலாம்!

*

"என்ன தாயி, பொழுதோட கெளம்பிட்ட? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

கண்டக்டர் முனீஸ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். பஸ் நகரும்போதே சிரித்தார். நெஞ்சில் அந்தச் சேவலும் சிரித்தது.

"அண்ணா... இந்தச் சட்டை ஏது?"

"நல்லாருக்குல்ல? குண்டடத்துல கோழிப்பண்ணை வச்சிருக்கற அக்கா குடுத்தாக. பண்ணை ஆளுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு. முட்டையை ஒடைக்காம பஸ்ஸுல கொண்டாந்து சேத்ததுக்கு எனக்கும் ஒண்ணு!"

"அவங்களுக்கு இது எப்படிக் கெடைச்சுது?"

"அதை நான் ஏன் கேக்கப் போறேன்? ஓசியில வந்த சட்டைக்கு விசாரணை வைக்கலாமா தாயி?"

பல்லடம் வந்தது.

இறங்கினால் வீடு. அம்மா மடியில் முகத்தைப் புதைத்து அழலாம். கீதாஞ்சலி எழுந்தாள். படி வரைக்கும் போனாள்.

"எறங்கலையா?"

"இல்லீங்ண்ணா... குண்டடத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

*

பண்ணை வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார் சாரதாமணி. கழுத்தில் செயின், காலில் கேன்வாஸ் ஷூ, குரலில் மைக்செட்.

"வாங்க கண்ணு! முட்டைங்களா, குஞ்சுங்களா?"

"திருடனைப் பிடிக்க வந்தனுங்க."

"மறுபடியும் கீரிப்புள்ளயா?"

"இல்லீங்க... மனுசத் திருடன்!" கீதாஞ்சலிக்குக் குரல் உடைந்தது. "உங்க ஆளுங்க போட்டிருக்கற சட்டையில இருக்கற சேவல் எங்க கம்பெனி டிசைனுங்க. அதை யாரு உங்களுக்குக் குடுத்தாங்கன்னு சொல்லலீன்னா என்னையத்தான் போலீஸ் பிடிக்குமுங்க!"

சாரதாமணி முட்டை அட்டையைக் கீழே வைத்தார். கீதாஞ்சலியின் கையைப் பிடித்தார். தரதரவென்று கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

'அடிக்கப் போகிறார்!' என்று கண்ணை மூடிக்கொண்டாள் கீதாஞ்சலி.

"கண்ணைத் தொறந்து பாருங்க!"

திறந்தாள்.

எதிரே ஒரு பழைய முட்டை வேன். அதன் பக்கவாட்டில் கூலிங் கிளாஸ் போட்டு ஸ்கூட்டர் ஓட்டும் அதே சேவல்! வெயிலில் வெளுத்து, மழையில் உரிந்து, வால் பக்கம் துருவேறி...

"எங்க ஊட்டுக்காரரு ஆசையா வரைஞ்சு வெச்சதுங்க கண்ணு. இதைப் பார்த்துத்தான் ஆளுங்களுக்குச் சட்டை அடிச்சுக் குடுத்தனுங்க. வேன் வாங்குன வருஷத்துல இருந்து இது எங்க சேவலு! இப்பச் சொல்லுங்க... யாரு யாருகிட்டத் திருடுனாங்க?"



திருட்டு கம்பெனியிலிருந்து வெளியே போகவில்லை.

வெளியிலிருந்து கம்பெனிக்குள் வந்திருக்கிறது!

செல்போன் அலறியது. எம்.டி.!

"டீ எங்கீங்க?" என்றார் முதலில். பிறகுதான் ஞாபகம் வந்தது. "போலீஸ் வந்தாச்சு! ஓடிப்போயிட்டா விட்ருவமா?"

"ஓடலீங்க சார்," என்றாள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "வந்துட்டே இருக்கறனுங்க. திருடுகொடுத்தவங்களையும் கூட்டிட்டு!"

*

எம்.டி. அறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நித்தீஷ், சாயச் சட்டையோடு.

கதவு திறந்தது. கீதாஞ்சலி வந்தாள்.

"இவதானுங்க மேடம்! பிடிங்க!" எம்.டி. துள்ளி எழுந்தார்.

"சேவலை வரைஞ்சது நித்தீஷ் சாருங்க," என்றாள் கீதாஞ்சலி. "ஆனா குண்டடத்து முட்டை வேனைப் பார்த்து வரைஞ்சிருக்காரு. வேன் கீழதான் நிக்குது மேடம். ஓனரு பின்னாடியே வர்றாங்க."

நித்தீஷ் வியர்த்தான்.

"அப்படியா தம்பி?" என்றார் ஜெயபாரதி.

"இது... இது எனக்கு இத்தாலியில தோணின ஐடியா மேடம்..."

"பாஸ்போர்ட் இருக்கா?"

"...அப்ளை பண்ணியிருக்கேன்."

"அடப்பாவி நித்தீஷு! என்னையே ஏமாத்திப்போட்டியே!" எம்.டி. நெஞ்சில் அடித்துக்கொண்டார். "மேடம், அந்தப் பொண்ணை விட்ருங்க. இவனைக் கூட்டிட்டுப் போங்க!"

அப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி உள்ளே வந்தார் சாரதாமணி. எம்.டி.யைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட... நம்ம பங்ச்சர் தம்பிங்களா!"

எம்.டி.யின் கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"மறந்துட்டீங்களா? போன தை மாசம் காரு பங்ச்சராகி எங்க பண்ணை முன்னாடி நின்னீங்களே! மோரு குடுத்தேன்... குடிச்சுப்போட்டு வேனைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தீங்களே சாமி! என்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, எங்க புள்ளைக்குக் காட்டோணும்னீங்களே!"



"நித்தீஷ்..." என்றார் ஜெயபாரதி மெதுவாக.

நித்தீஷ் பொலபொலவென்று கொட்டிவிட்டான்.

"சார்தான் மேடம் போட்டோ குடுத்து வரையச் சொன்னாரு! கேட்டா இத்தாலின்னு சொல்லச் சொன்னதும் அவருதான்! கண்டக்டர் போட்டோ வந்ததும் எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. பையருக்குக் காட்ட ஒரு திருடன் வேணும், இன்டர்ன்னா கேக்க ஆளில்லைன்னாரு..."

கீதாஞ்சலி எம்.டி.யை நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பா இருக்கறாருங்க சார், கேக்க."

எம்.டி. அருள்குமார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அக்கா... ஆர்டரு போச்சுன்னா தையல் ஆளுங்கெல்லாம்..."

"அவுங்க வயித்துல நான் அடிக்க மாட்டனுங்க," என்றார் சாரதாமணி. "சட்டை போகட்டும். ஆனா ஒவ்வொரு சட்டையிலயும் எங்க பண்ணை பேரு இருக்கோணும். எங்கிருந்து எடுத்தீங்கன்னு அந்த வெள்ளக்காரருகிட்ட நீங்களே சொல்லோணும். அதுக்கு முன்னாடி இந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

எம்.டி. எழுந்தார். கை கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க கண்ணு..."

"கீழ ஃப்ளோர்ல எல்லாரும் இருக்கறப்ப ஒருக்காச் சொல்லீருங்க சார். என்னையத் திருடின்னு அங்கதானுங்க சொன்னீங்க."

எம்.டி. தலையாட்டினார். பிறகு ஜெயபாரதியின் பக்கம் திரும்பி, தன் வாழ்நாளின் மிகப் பணிவான சிரிப்பைச் சிரித்தார்.

"மேடம்... கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிக்கறனுங்க. பிரச்சனைதான் முடிஞ்சுதுங்களே?"

ஜெயபாரதி கடைசி முறுக்கை மென்று முடித்தார். தொப்பியை எடுத்து மாட்டினார்.

"பொய்க் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கீங்க. ஜீப்புல போய்ப் பேசிக்கலாம், வாங்க சார். சேவல் திருடுனவங்களை நான் நெறையப் பிடிச்சிருக்கேன்... ஆனா சேவலை விட்டுட்டு அதோட படத்தைத் திருடுன மொத ஆளு நீங்கதான்!"