தேறிய பிறகு

பள்ளி நாட்களில் காலையில் அழைப்பு மணி அடிக்கும். சீருடைப் பிள்ளைகள் இருவர் வருவார்கள். மணிக்கட்டில், செய்த தொண்டை அளக்கும் தொண்டுமானியை முடுக்கிவிட்டு, கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த சரோஜினியை நான்கு மாடி இறக்கி மருத்துவமனையில் விடுவார்கள். அங்கே அவளுடைய மகள், குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு தனியே கிடந்தாள். நாடு முழுக்க இப்படித்தான். கணக்கைப் போலத் தொண்டும் ஒரு பாடம்.

கோடை விடுமுறை விட்டார்கள். மணி அடிக்கவில்லை. லிப்ட் வேறு படுத்துவிட்டது.

சரோஜினி எதிர்வீட்டு நிகிலனைக் கூப்பிட்டாள். தொண்டுப் பாடத்தில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவன்.

"தம்பி, கீழ வரைக்கும் கொஞ்சம் கையப் புடிச்சு உடு சாமி."

அவன் நிஜமாகவே விழித்தான். "நானுங்களா? அதை நான் பன்னெண்டாவதுலயே முடிச்சுட்டனுங்களே ஆன்ட்டி. ஜூன்ல பசங்க வந்துருவாங்க."

கெட்டவனில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. படித்தான், தேறினான், மறந்தான். மற்ற கதவுகளையும் தட்டிப் பார்த்தாள். எல்லாரும் தேறியவர்களாகவே இருந்து தொலைத்தார்கள். கூலிக்கு ஆள் வைக்கவும் சட்டம் விடாது; தொண்டை விற்கக் கூடாதாம்! போனில் மகள் அழுதாள்: "இன்னைக்காவது வருவியாம்மா?"

மறுநாள் பூவிழி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு; தொண்டில் பெயில், மறுதேர்வு.

"ஒரே தாத்தாகிட்ட பேசிட்டே உக்காந்துட்டனுங்க. மத்த வீடெல்லாம் விட்டுப்போச்சு," என்று சிரித்தாள்.

ஒவ்வொரு படியாகத் தாங்கி இறக்கினாள். மருத்துவமனையில் மகளுக்குத் தலை வாரிவிட்டாள். யாரும் சொல்லவில்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. சாயங்காலம் சரோஜினியை வீடு சேர்த்துவிட்டு மணிக்கட்டை நீட்டினாள்.

"மார்க் போடுங்க ஆன்ட்டி. பாஸானாத்தான் காலேஜ்ல சேத்துக்குவாங்க."

மானியில் பச்சையும் சிவப்பும் மின்னின. பச்சையைத் தொட்டால் இவளும் தேறிவிடுவாள். அப்புறம் நாளைக்கு யார் வருவார்கள்? சரோஜினிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு சிவப்பைத் தொட்டாள்.

பூவிழிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?"

சரோஜினி குனிந்து கால்கட்டைத் தடவினாள்.

"சரிங்க," என்று மூக்கை உறிஞ்சினாள் பெண். "நாளைக்கு இன்னும் நல்லாப் பண்றனுங்க. எப்ப வரட்டும்?"

"வெள்ளெனவே வந்துரு," என்றாள் சரோஜினி, அவள் முகத்தைப் பார்க்காமல்.