எட்டாவது பூ

காலையில் பலகையைத் திறந்தால் மக்காரின் சூரியகாந்தியைக் காணோம்.

லரிசா டீச்சரின் பிறந்தநாளுக்காக வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு பூ வரைந்திருந்த ஆன்லைன் பலகை அது. போலந்துக்குப் போய்விட்ட மக்கார்தான் கடைசியாக, நேற்று மாலை வரைந்தான். யாரும் வரையலாம், யாரும் அழிக்கலாம். செய்தது யார் என்று பலகை சொல்லாது.

பழி ஊஸ்தினாவின் தலையில் விழுந்தது. நேற்றுக் கணக்குப் பாடத்தில் மக்காரோடு சண்டை போட்டவள் அவள்தான்.

"டீச்சர் வர்றதுக்குள்ள ஒத்துக்கோ. இல்லன்னா உன்னை குரூப்ல இருந்து தூக்கிடுவேன்," என்றான் மக்கார். வகுப்புப் பிள்ளைகள் வீடியோவில் பேசிக்கொள்ளும் அந்தக் குரூப்பைத் தொடங்கியவன் அவன், செய்தாலும் செய்வான்.

உக்ரைனின் கார்கிவ் நகரில் போரால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. குண்டுக்குப் பயந்து, ஜன்னலில்லாத நடைவழியில் லேப்டாப்போடு உட்காரும் ஊஸ்தினாவுக்கு அந்தக் குரூப்பை விட்டால் பேச ஆளில்லை. அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தாள். எல்லோரும் கையை விரித்தார்கள். நசார் கேமராவை அணைத்துவிட்டு, தெரியாது என்றான். அணைப்பதற்கு முன் தெரிந்தது, ஞாயிறன்று அவன் காரிலிருந்து பேசியபோது காட்டிய அதே முகம்தான். அன்று அவன் மடியில் ஆறு சிவப்பு கார்னேஷன் பூக்கள் கிடந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊஸ்தினா பலகையை மறுபடி பார்த்தாள். மிச்சப் பூக்கள் நகர்ந்திருந்தன. இடைவெளி தெரியாதபடி யாரோ பொறுமையாக நெருக்கி அடுக்கியிருந்தார்கள். கோபத்தில் அழிப்பவன் கிறுக்கிவிட்டுப் போவான். எண்ணினாள். ஏழு.

"நசார், ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பாக்கக் கல்லறைக்குப் போனியாடா?"

"போனேன்."

"அப்ப அழிச்சது நீதான். கல்லறைக்குத்தான் இரட்டைப்படையில பூ வைப்போம். மக்கார் போட்டதும் எட்டாயிடுச்சு. நாங்க யாரும் எண்ணவே இல்ல. நீ எண்ணியிருக்கே."

கேமரா திறந்தது. நசாரின் கண்கள் சிவந்திருந்தன.

"டீச்சர் வீட்டுப் பக்கம் நேத்தும் குண்டு விழுந்துச்சு. உயிரோட இருக்கறவங்களுக்கு எட்டுப் பூவான்னு பயந்துட்டேன். பழி உன் மேல விழும்னு நெனைக்கல, ஊஸ்தினா."

மக்கார் ஊஸ்தினாவிடம் முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டான். பிறகு, தான் இரண்டு பூ போடுவதாகவும், அப்போது ஒன்பதாகிவிடும் என்றும் சொன்னான்.

"ஒண்ணு போட்டுட்டு நிறுத்தாதடா," என்றான் நசார். "ரெண்டையும் ஒண்ணா போடு."