அழிக்காமல் விட்ட ஸ்நாப்ஷாட்

யாரும் எதையும் எழுதவில்லை. ஆனாலும் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம். நைரோபியில் அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் ஜெரோதிச்சைத் தவிர ஆள் இல்லை. கண்ணாடி அறைக்குள் சர்வர்கள் இரைந்தன. ஏசிக் குளிரும், சூடேறிய தூசியின் வாடையும், கீழே தெருவில் பாட்டை அலறவிட்டுப் போகும் மத்தாத்து வேன்களின் ஹாரனும் கலந்து அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தன. காலையில் காலியாகக் கிடந்த இடத்தில் பாதி இப்போது இல்லை.

இந்த வாரம் இரண்டு தடவை எல்லாமே படுத்துவிட்டன. ஒரே பெரிய சர்வருக்குள் நாற்பது மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் தான் மட்டுமே உலகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். ஆனால் அத்தனைக்கும் டிஸ்க் ஒன்றுதான். ஒன்று வீங்கினால் மற்றதெல்லாம் பட்டினி. இடம் சுத்தமாகத் தீர்ந்தால், எது எந்த வேலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும்.

வீங்குவது எதுவென்று அவளுக்குத் தெரியும். நலியாகாவின் கணினி. மூன்று வாரத்துக்கு முன் நலியாகா அதில் புது மென்பொருளை ஏற்றப் போனபோது, அந்த நொடியில் அது இருந்த நிலையை அப்படியே ஸ்நாப்ஷாட்டாக எடுத்து வைத்தவளே ஜெரோதிச்தான். வேலை கெட்டால் அந்த நொடிக்கே திரும்பிப் போகலாம். நல்லபடி முடிந்தால் அதை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அன்றிலிருந்து நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் தனியாகச் சேர்ந்து சேர்ந்து டிஸ்க்கைத் தின்றுவிடும். பத்திரத்துக்கு இருக்கட்டுமே என்று விட்டுவைத்து மறந்து, பிறகு மாட்டிக்கொள்ளாதவர்கள் இந்த வேலையில் கிடையாது.

ஜெரோதிச் மறக்கவில்லை. விட்டுவைத்தாள்.

திங்கட்கிழமை இயக்குநர்கள் முன்னால் நலியாகா அந்த மென்பொருளை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் துறைத் தலைவி அவள்தான். ஆறு வருஷமாக இந்த இரைச்சலுக்குள் கிடந்தவள் ஜெரோதிச். கெரிச்சோவில் தேயிலை கிள்ளும் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. கல்லூரி விண்ணப்பத்தில் எதை எங்கே எழுதுவது என்று கேட்கக்கூட வீட்டில் ஆள் கிடையாது. நலியாகாவுக்கு அப்பா பேராசிரியர். வந்து ஒன்றரை வருஷம்தான். வியாழக்கிழமை தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் சுற்றி நின்று அழகு, அழகு என்றார்கள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஸ்நாப்ஷாட்டை அழித்தால் இடம் கிடைக்கும்; நலியாகா ஜெயிப்பாள். கணினியைப் பழைய நொடிக்குத் திருப்பினாலும் இடம் கிடைக்கும். நலியாகாவின் மூன்று வார உழைப்பு காற்றோடு போகும். வேறு வழியில்லை என்று திங்கட்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லலாம்.

திருப்பினாள்.

இரைச்சல் ஒரு மூச்சு அடங்கி மறுபடி ஏறியது. இடம் திரும்ப வரவில்லை. ஏசிக் காற்றில் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

"அக்கா."

கதவருகே நலியாகா. கையில் டீக் கோப்பை. இடுப்புவரை தொங்கும் சன்னப் பின்னல்கள்.

"ஸ்நாப்ஷாட் எடுத்துட்டியா? நீ இருக்கிற தைரியத்துலதான் நான் கை வைக்கிறேன்."

மூன்று வாரத்துக்கு முன், ஸ்நாப்ஷாட் எடுத்த அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. அதே மஞ்சள் சட்டை.

"உன் முடி..."

"முடிக்கு என்ன? உன்னோடதவிட நீளம்னு வயித்தெரிச்சலா?"

ஜெரோதிச் வாசல் காவலர் எகாய்க்குப் போன் போட்டாள்.

"எகாய், நலியாகா எப்ப மேல வந்தா?"

"இன்னிக்கு உங்களத் தவிர ஒரு ஈ காக்கா ஏறல மேடம். லிஃப்டுகூட கீழதான் நிக்குது."

நலியாகா டீயை ஊதிக் குடித்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?" ஜெரோதிச் கேட்டாள்.

"செவ்வாய். ஆளே சரியில்ல நீ. காலைல சாப்பிட்டியா? கீழ போயி மந்தாசி வாங்கியாறவா?" பக்கத்து நாற்காலியை இழுத்தவள், உட்காராமல் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கத்தாத. தலைவி வேலைக்கு யாரப் போடலாம்னு என்னக் கேட்டாங்க. உன் பேரத்தான் சொன்னேன்."

அதற்கு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். எரிந்தது. அதையும் இவள் தந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டுமா.

திரையில் எச்சரிக்கை சிவந்தது. கணினிகளின் பட்டியலில் புதிதாக ஒன்று. யாரும் உருவாக்காதது. பெயர், ஜெரோதிச். இடத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது அதுதான். அவளுக்கு எரிய எரிய, அதன் அளவும் ஏறியது.

"என்னக்கா, ஒண்ணுமே பேச..."

டிஸ்க்கில் இடம் தீர்ந்தது.

நலியாகா நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி. கோப்பை சரிந்தபடி. விளிம்பைத் தாண்டிய டீ கீழே விழாமல் காற்றில் தொங்கியது. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று ஜெரோதிச்சுக்குத் தெரியும். பெரிதாக இருப்பதை அழித்தால் இடம் வரும். இடம் வந்தால் நின்றது ஓடும். தன் பெயர் உள்ள வரியைத் தொட்டாள். நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது.

அது போனால் அதோடு சேர்ந்து எது போகும்?

நலியாகாவைப் பார்த்தாள். எப்போதும் பேசும் வாய். எல்லோரையும் சிரிக்கவைக்கும் வாய். திறந்தபடியே ஓய்ந்துபோயிருந்தது. இனித்தது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.

இன்னும் கொஞ்சம்.

நலியாகாவின் உதடு வெளுத்தது. பிறகு நீலம் பாய்ந்தது.

போதும். விரலை அழுத்தினாள்.

விரல் போகவில்லை. திரையில் அவள் பெயருக்கு நேரே, நின்றுவிட்டது என்று வந்திருந்தது.

மறுபடி முயன்றாள். பட்டனுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. கழுத்து திரும்பவில்லை. மூச்சை இழுத்தாள். வரவில்லை. கத்தினாள். உள்ளேயே கத்தினாள்.

தாழ்வாரத்தில் சாவிக்கொத்து குலுங்கியது. எகாய். கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து உள்ளே பார்த்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"மேல யாருமில்லப்பா," என்றார் வாக்கிடாக்கியில். "மேடம் அப்பவே கெளம்பிட்டாங்க போல. பூட்டிட்டு வரேன்."

விளக்கு அணைந்தது. பூட்டு விழுந்தது. திரையின் சிவப்பு வெளிச்சத்தில், அசையாத அந்த முகத்தில், நலியாகாவின் கண்கள் மட்டும் மெல்ல உருண்டு, ஜெரோதிச்சின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தன.

பிறகு அவளைப் பார்த்தன.